சுவர் என் கட்சி

பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று, தன் அறை நிலைக்கு மேலிருந்த சிவப்பு பல்பை ஆர்னெல் திருகிக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று வந்துவிட்டது. இன்னும் ஒரு சுற்றில் கையோடு வந்துவிடும் என்கிற நேரத்தில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்னடா பண்ற அங்க?"

அம்மாவின் தங்கை சேலிங். ஒரு கையில் பிஸ்கட் தட்டு, இன்னொரு கையில் விசிறி. அவளுக்குப் பின்னால் கூடத்தில், வாடகை விளக்குகளுக்கு நடுவே, கண்ணாடி மூடிக்குக் கீழே அம்மா படுத்திருந்தாள். ஒரு வாரமாகப் படுத்திருக்கிறாள். இன்று மதியம் அடக்கம்.

"ஒண்ணுமில்ல சித்தி. பல்பு ஃபியூஸ் போயிடுச்சு, மாத்தலாம்னு."

"பொணம் வீட்ல இருக்கறப்ப ஆணி அடிக்கவும் கூடாது, அடிச்சதப் புடுங்கவும் கூடாது. எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கணும். இல்லன்னா அவ வந்து பாத்துட்டு, இது நம்ம வீடில்ல போலன்னு தெருத்தெருவா அலைவா. எறங்குடா."

இறங்கினான். பல்பு கழுத்து சுளுக்கியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

சேலிங் சித்தியிடம் சாவு வீட்டுக்கென்று ஒரு முழுச் சட்டமே இருந்தது. வீட்டைப் பெருக்கக் கூடாது. வீட்டில் குளிக்கக் கூடாது; பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கலாம். பெட்டியின் கண்ணாடிமேல் கண்ணீர் விழக் கூடாது. வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாது, போகிறவர்களை வாசல்வரை அனுப்பக் கூடாது. யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்கிற பயம்தான்.

வேறு சமயமாக இருந்தால் ஆர்னெல் கேட்டிருப்பான். கேட்டு, அவற்றைக் கண்டிப்பான விதி, நெகிழ்வான விதி என்று பிரித்து, விதிவிலக்குகளை அடுக்கி, சித்தியே தூங்கிப்போகும் அளவுக்குப் பேசியிருப்பான். விதிகள் அவன் துறை.

பிழைப்புக்கு அவன் பள்ளிப் பாடப்புத்தகங்களில் பிழை திருத்தினான். வாழ்க்கை என்று அவன் நினைத்தது வேறு. 'சாம்பல் மணிகள்' என்று ஆறு தடிப் புத்தகங்களாக வந்து, ஏழாவது வராமலேயே பத்து வருஷமாக உலகத்தைக் காக்க வைத்திருக்கும் மாயாஜால நாவல் ஒன்று. அதில் மந்திரவாதி மணி அடித்தால் ஏதாவது நடக்கும். மலை நகரும், செத்த குதிரை எழுந்து கனைக்கும். பதிலுக்கு யாரோ ஒருவர் எதையோ இழப்பார். ஒரு விரல், ஒரு ஞாபகம், சில சமயம் உயிர். யார் இழப்பது, எந்தக் கணக்கில் இழப்பது என்பதை எழுதியவர் எங்கும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ என்னவோ. வாசகர்கள் மறக்கவில்லை. அவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். மணியை அடித்தவன்தான் விலை கொடுக்கிறான் என்பது அடித்தவன் கட்சி. சத்தத்தைக் கேட்டவன்தான் கொடுக்கிறான் என்பது கேட்டவன் கட்சி. மணிதான் தேய்கிறது, மனிதர்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பது மணிக் கட்சி. இந்தக் கடைசிக் கட்சியில் உலகம் முழுவதும் சேர்த்து நாற்பது பேர்தான், ஆனால் அந்த நாற்பது பேரும் தூங்குவதில்லை.

கேட்டவன் கட்சியைத் தோற்றுவித்தவர் மரிக்கினா நகரில், செருப்புக் கடைத் தெருவுக்குப் பின்னால், அம்மா வீட்டுப் பின்னறையில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஆர்னெல்தான். இரண்டாம் புத்தகத்தில் ஊரே நாசமாகும்போது ஒரு செவிட்டுப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனித்தவன் அவன். அந்த ஒரு பெண்ணின் தலையில் ஒரு தத்துவத்தையே ஏற்றிவைத்தான். அவன் சேனலை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். கனடாவில் ஒருவர் அவன் சொன்ன வாக்கியத்தை முழங்கையில் பச்சை குத்திக்கொண்டார். பாதிப் பேர் அவனைக் 'குயா' என்றார்கள், அண்ணன் என்று. மீதிப் பேர் 'ஆசான்' என்றார்கள். அவன் இரண்டையும் மறுக்கவில்லை.

"என்ன பல்பு?" என்றபடி சமையலறையிலிருந்து ரொவேனா வந்தாள். அவன் தங்கை. தார்லாக் ஊர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சி அழுதாலும் சிரித்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டிருப்பது அவள் தொழில். வீட்டுக்கு வரும்போதும் அந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. "இது எதுக்கு குயா, ரூமுக்கு வெளியில? போன தடவ வந்தப்ப இல்லையே."

"சும்மா. கரண்ட் இருக்கான்னு பாக்க."

"கரண்டாவது மண்ணாவது," என்றாள் சித்தி. "அது எரிஞ்சா இவன் உள்ள பாடம் எடுக்கறான்னு அர்த்தம். உங்கம்மா இருமக்கூட மாட்டா. நான் வந்தாலும் என் வாயப் பொத்துவா. 'எம் புள்ள வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கறான் சேலிங், மெதுவாப் பேசு'ம்பா. என்ன வகுப்புடின்னா, மணிம்பா. நானும் ஏதோ மாதா கோயில் வேலன்னு நெனச்சேன்."

ரொவேனா பல்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு காபித்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றுதான் ஆர்னெல் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். முதலில் டாக்டரிடம். பிறகு தொலைபேசியில் ரொவேனாவிடம். பிறகு பாதிரியாரிடம், சவப்பெட்டிக் கடைக்காரரிடம், பிணத்துக்குத் துணையாக இரவு விழித்துச் சீட்டாட வந்த தெருக்காரர்களிடம். சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது என்பது ரொவேனாவிடம் சொன்னபோது சேர்ந்தது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது என்பது பாதிரியாரிடம் சொன்னபோது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அம்மாவைப் பெயர் சொல்லி, எபிஃபானியா கொடுத்து வைத்தவள் என்றார்கள் எல்லோரும். ஆர்னெல் தலையைக் குனிந்துகொண்டான். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவின் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அம்மா இளவயதில் செருப்புப் பட்டறையில் மேல்தோல் தைத்தவள். பட்டறையை மூடியபோது ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொண்டார்கள். அவள் எடுத்துவந்தது செருப்புக்கு அளவு வைக்கும் மரக் கால் ஒன்று. இடது கால். வலது யாரிடம் போனதோ. மூட்டுவலி வந்து நடமாட்டம் குறைந்ததும், அந்த மரக் காலின் குதியால் தடுப்பில் மூன்று தட்டுத் தட்டி மகனைக் கூப்பிட ஆரம்பித்தாள். தண்ணீருக்கு மூன்று தட்டு. ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்தால் மூன்று தட்டு. மழை வருகிறது, துணியை எடு. சில நாள் அவன் வந்து நிற்பதற்குள் கூப்பிட்ட விஷயம் மறந்துபோகும். "எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துட்டேன்," என்பாள் சிரித்துக்கொண்டே. "வந்தது வந்துட்ட, கொஞ்ச நேரம் நில்லு."

அடித்தவன் கட்சித் தலைவரோடு நேருக்கு நேர் விவாதம் நடந்த அன்று, எதிரி திணறிக்கொண்டிருந்த அந்தப் பொன்னான தருணத்தில், ரிமோட்டுக்காக மூன்று தட்டு விழுந்தது. எதிரி சிரித்துவிட்டார். மறுநாளே சிவப்பு பல்பு வந்தது. அம்மா படுத்தபடியே பார்க்கக்கூடிய இடத்தில், தன் மேசை விளக்கோடு சேர்த்து ஒரே சுவிட்சில் அதை இணைத்தான். "இது எரியறப்ப மட்டும் தட்டாதீங்கம்மா." அம்மா தலையாட்டினாள். அதற்குப் பிறகு பல்பு எரியும்போது அவள் தட்டியதில்லை, ஒரே ஒரு நாள் தவிர.

அந்த நாள் அவன் தன் கொள்கைக்கு ஒரு திருத்தம் அறிவித்துக்கொண்டிருந்தான். கேட்டவன்தான் கொடுக்கிறான் என்றால், நாலாம் புத்தகத்துச் சமையல்காரன் மணியைக் கேட்டும் குண்டாகத்தானே இருக்கிறான் என்று எதிர்க்கட்சி ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. ஆர்னெல் விடை கண்டுபிடித்துவிட்டான். சமையல்காரன் மணி கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு "வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறான். ஆகவே கேட்டவர்கள் எல்லோரும் விலை கொடுப்பதில்லை. கேட்டும் பதில் சொல்லாதவன்தான் கொடுக்கிறான். இதை நேரலையில் சொல்லி முடித்து, உலகம் மூச்சை இழுத்து விடட்டும் என்று ஒரு சிறிய இடைவெளி கொடுத்தான். அந்த இடைவெளியில் தடுப்பில் மூன்று தட்டு விழுந்தது.

"பாருங்க," என்றான் ஆர்னெல் மைக்கில். "சுவரே என் கட்சிதான்."

திரையில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. மறுபடி மூன்று தட்டு. அவன் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். பிறகு, சற்றுத் தள்ளி, ஒன்று. அதற்குப் பிறகு சத்தமில்லை. அவனுக்கு அது வசதியாக இருந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லி, மைக்கை அணைத்து, வந்த பாராட்டுகளில் பாதியைப் படித்துவிட்டுத்தான் எழுந்துபோனான். போர்வை தரையில் கிடந்தது. மரக் கால் அதன்மேல் கிடந்தது. மரக் காலை எடுத்து அதன் இடத்தில் வைத்தான். போர்வையை உதறி, அவள்மேல் போர்த்தி, மடிப்பைச் சரிசெய்தான். அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டான்.

மாரடைப்பு, வேகமாக முடிந்திருக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு வேகமாக என்று அவன் கேட்கவில்லை.

ரொவேனா இப்போது அம்மாவின் அறையிலிருந்து அந்த மரக் காலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். பெட்டியருகே நின்றாள்.

"இத உள்ள வெச்சிடலாமா குயா? இது இல்லாம அம்மாவால ஒரு நாள் இருக்க முடியாது."

"வெச்சிடலாம்," என்றான் ஆர்னெல், கொஞ்சம் வேகமாக. "கால்மாட்டுல வெச்சிடலாம். குடு, நானே வெக்கறேன்."

"வெப்பீங்க வெப்பீங்க," என்று சித்தி விசிறியை நீட்டித் தடுத்தாள். "கூப்பிடற சாமானக் குடுத்து அனுப்பினா அங்கேருந்து கூப்பிடுவா. யாராச்சும் ஒருத்தர் போக வேண்டி வரும். நீ போறியா? காலடிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் செருப்புகூடப் போடாம படுக்க வெச்சிருக்கோம். இதுல தனியா ஒரு கால் வேற."

"ஆயுசு பூரா செருப்பு தெச்சாங்க," என்றாள் ரொவேனா.

"அதான் சொல்றேன். போதும்."

மரக் கால் அதன் இடத்துக்கே திரும்பிப் போனது. பல்பும் இருக்கிறது, கட்டையும் இருக்கிறது. தடயங்களைக் காப்பாற்றுவதற்கென்றே யாரோ இந்தச் சட்டங்களை இயற்றியிருக்க வேண்டும் என்று ஆர்னெலுக்குத் தோன்றியது.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் தெருவில் ஒரு சலசலப்பு. சாம்பல் நிற நீள அங்கி, தலையில் முக்காடு, இடுப்பில் கயிறு என்று ஆறு பேர் வரிசையாக வந்தார்கள். சாம்பல் மணிகளில் துக்கம் அனுசரிக்கும் துறவிகளின் உடை அது. ஆசானின் அன்னைக்கு முழு மரியாதை செய்ய வேண்டும் என்று குழுவில் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்திருந்தார்கள். துணி பாலியஸ்டர். முன்னால் வந்தவன் மார்வின். மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. பின்னால் வந்த ஜெசெல் முக்காட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி விசிறியை வைத்திருந்தாள்; அது உள்ளே வண்டுபோல ரீங்கரித்தது.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். சித்தி முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"வாங்க பிரதர், வாங்க சிஸ்டர். எந்த சபை நீங்க?"

மார்வின் ஜெசெலைப் பார்த்தான். "கேட்டவன் கட்சி, ஆன்ட்டி."

"கேட்டவனுக்குக் குடுக்கறதா? நல்ல காரியம். ஃபாதர் வரத் தாமதமாகும். நீங்களே பெட்டிகிட்ட ஒரு ஜெபம் சொல்லிடுங்க."

முடியாது என்று சொல்ல மார்வினுக்கு வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஐந்தாம் புத்தகத்தில் துறவிகள் பாடும் வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "சாம்பலே, என் பெயரை மறந்துவிடு. மணியே, என் வீட்டைக் கடந்து போ." மற்ற ஐந்து பேரும் கோரஸாக முனகினார்கள். சீட்டாட்டக்காரர்கள் ஆமென் என்றார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்னதா, அழகா இருந்துச்சு. நம்ம ஃபாதருக்கு எழுதிக் குடுங்க தம்பி."

ஆர்னெல் பூ வளையம் ஒன்றின் பின்னால் ஒதுங்கினான். அதன் நாடாவில் 'ஆசானின் அன்னைக்கு, உலகக் கிளைகள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அடுத்த வளையத்துக்கு நகர்ந்தான்.

அவர்களை உட்கார வைத்து ரொவேனா காபி கொடுத்தாள். மார்வின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"குயா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது."

"அப்ப கேக்காத," என்றாள் ஜெசெல்.

"ஒரே ஒண்ணு. அன்னிக்கு லைவ்ல விழுந்துச்சே, அந்தத் தட்டு. மூணு, மூணு, ஒண்ணு. ஆடியோவ மெதுவா ஓட்டிப் பாத்தோம். நாலாம் புக்குல மடத்து மணி அடிக்கறதும் அதே கணக்கு. நீங்க 'கேட்டும் பதில் சொல்லாதவன்'னு சொல்லி நிறுத்தறீங்க. தட்டு விழுது. நீங்க பதில் சொல்லல. வாயால சொன்னத செஞ்சே காட்டிட்டீங்க குயா. எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப்போச்சு."

"அடித்தவன் கட்சித் தலைவரே கட்சி மாறிட்டாரு," என்றாள் ஜெசெல்.

ஒரு கணம் ஆர்னெலுக்குப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. தோள்கள் தாமாகவே பின்னுக்குப் போனதை அவனே உணர்ந்தான். அம்மாவின் பெட்டி அவன் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"என்ன தட்டு?" என்றாள் ரொவேனா, கெட்டிலோடு நின்றபடி.

தடுப்பதற்குள் மார்வின் ஃபோனை எடுத்துவிட்டான். ஆர்னெலின் குரல் கூடம் முழுவதும் எழுந்தது. அன்பர்களே என்று அழைத்தது. மனித குலம் இதுவரை கவனிக்கத் தவறிய ஒன்றைச் சொல்லப்போவதாகச் சொன்னது. சாவு வீட்டில், வாடகை விளக்குக்கு நடுவில், அந்தக் குரல் எவ்வளவு எண்ணெய் பூசி வருகிறது என்பதை அவன் முதல்முறையாகக் கேட்டான். பிறகு இடைவெளி. டொக், டொக், டொக். "பாருங்க, சுவரே என் கட்சிதான்." டொக், டொக், டொக். அவன் குரல் உயர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது. டொக்.

"மறுபடி போடுங்க," என்றாள் ரொவேனா.

"போதும் ரொவேனா. அவங்க சார்ஜ் தீந்துடும்."

"எம்பது பர்சென்ட் இருக்கு குயா," என்றான் மார்வின். மறுபடி போட்டான்.

ரொவேனா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள். நீதிமன்றத்தில் மெதுவாகப் பேசும் சாட்சியை அப்படித்தான் கேட்பாள் போலும். "எப்ப எடுத்தது இது?"

"லைவ்தான்க்கா. போன செவ்வாக்கிழம மத்தியானம்."

மார்வின் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அம்மா காலமான செய்தியை ஆர்னெல் குழுவுக்கு வியாழக்கிழமைதான் தெரிவித்திருந்தான். கூடத்தில் இருந்த மற்றவர்களுக்குச் செவ்வாய் மத்தியானம் என்றால் என்னவென்று தெரியும். சீட்டுக் கலைக்கும் சத்தம் நின்றது.

முதலில் பேசியது சித்திதான்.

"மூணு தட்டா? ஐயோ, அது சாவுத் தட்டுடி. கூட்டிட்டுப் போக வந்தவங்க தட்டினது. எங்க மாமனார் போறப்பவும் ஜன்னல்ல தட்டுச்சு. நல்ல வேள, இவன் பதில் சொல்லல. யாருன்னு கேட்டிருந்தா இவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருக்கும்."

மார்வினுக்குக் கண் விரிந்தது. கோப்பையைக் கீழே வைத்தான். "இல்ல ஆன்ட்டி. பதில் சொன்னாதான் தப்பிக்கலாம்."

"யாரு சொன்னது?"

"குயாதான் கண்டுபுடிச்சாரு."

"அவனுக்கு என்ன தெரியும்? நாங்கல்லாம் பதில் சொல்லாமத்தான் இத்தன வருஷம் உசுரோட இருக்கோம்."

"அப்ப வெல குடுக்கறது யாரு ஆன்ட்டி?"

"எது வெல? யாருக்கு வந்துச்சோ அவங்க போவாங்க. பக்கத்துல இருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"அப்படின்னா நீங்க அடித்தவன் கட்சி."

"நான் ஒரு கட்சியும் இல்ல தம்பி. போன எலெக்ஷன்ல ஓட்டே போடல."

சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக்கினார். ரொவேனா சிரிக்கவில்லை. "நீ சொல்லு குயா. யாரு தட்டினது?"

இரண்டு கதவு திறந்திருந்தது. சித்தியின் பக்கம் போனால் எமன் தட்டினான். மார்வினின் பக்கம் போனால் மேதை தட்டினான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது. அது பெட்டிக்குள் செருப்பில்லாமல் படுத்திருந்தது.

"நான்தான்," என்றான். "டேபிளுக்கு அடியில நானேதான் தட்டினேன். ஒரு எஃபெக்டுக்கு."

மார்வின் கையைத் தட்டப்போய், பெட்டியைப் பார்த்துவிட்டு, கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டான். "நான் சொன்னேன்ல," என்று ஜெசெலிடம் கிசுகிசுத்தான். ஜெசெல் ரொவேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதால தட்டின?" என்றாள் ரொவேனா.

"பேனாவால."

அவள் மேலே கேட்கவில்லை. குறுக்கு விசாரணை அவள் வேலை இல்லை. சொன்னது சொன்னபடி பதிவானால் போதும். அவன் கோப்பையை வாங்கிக் காபியை ஊற்றினாள். நிரம்பிய பிறகும் ஒரு கணம் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாசரில் வழிந்தது. அப்படியே அவன் கையில் கொடுத்தாள்.

பாதிரியார் வந்தார், பெரிய ஜெபத்தைச் சொன்னார். மார்வினுடையதுதான் மேல் என்று சித்தி காதோடு சொன்னாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆர்னெல் கண்ணாடிமேல் குனிந்தான். துளி விழுந்தால் ஏந்துவதற்குச் சித்தி கைக்குட்டையோடு பக்கத்தில் தயாராக நின்றாள். தேவைப்படவில்லை. கண்ணாடிக்குக் கீழே ரோஸ் பவுடரும் உதட்டுச் சாயமுமாக அம்மா. உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. பாதிரியாரிடம் அவன் சொன்ன சிரிப்பைச் சவப்பெட்டிக் கடைக்காரர் கேள்விப்பட்டு அப்படியே செய்து கொடுத்திருந்தார். அம்மாவுக்குச் சிரித்தால் இடது பக்கம்தான் கோணும். இது வலது பக்கம் கோணியிருந்தது.

பெட்டி வாசல் நிலையில் இடிக்காமல் வெளியே போனது. சித்தி வாசற்படியில் ஒரு பீங்கான் தட்டைப் போட்டு உடைத்தாள், இந்த வீட்டுச் சாவுச் சங்கிலி இதோடு அறுந்தது என்று.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆறு துறவிகளும் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். முக்காட்டை இறக்கியதும் ஆறு பேரும் மிகச் சாதாரணமாக, களைத்துப்போய் இருந்தார்கள். கிளம்பும்போது கேட்டருகே கொஞ்ச நேரம் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆசான் வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தார்கள். நன்றி சொல்லக் கூடாது, வாசல்வரை போகக் கூடாது. சித்தியின் சட்டம் ஒன்றுக்கு அவன் மனதார அடிபணிந்தது அப்போதுதான். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, சாம்பல் அங்கிகள் செருப்புக் கடைகளைத் தாண்டி ஜீப்னி வண்டியில் ஏறும்வரை பார்த்தான். மார்வினின் அங்கி படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. ஜெசெல் குனிந்து எடுத்துவிட்டாள்.

சித்தியும் போய்விட்டாள். பாத்திரங்கள் கழுவியாயிற்று. வாடகை விளக்குகளைக் கொண்டுபோய்விட்டார்கள். கூடத்தில் பெட்டி இருந்த இடம் வெறும் தரையாகத் தெரிந்தது. ரொவேனா அம்மாவின் அறைக்குள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆர்னெல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். வழக்கப்படி கை சுவிட்சைத் தட்டியது. மேசை விளக்கு எரிந்தது. அதே சுவிட்சில் இன்னொன்றும் இருப்பது அவன் நினைவில் இல்லை.

திரையில் அந்தக் காணொளிதான் முதலில் நின்றது. இதுவரை அவன் போட்ட எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். 'செயல்விளக்கம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மூன்று, மூன்று, ஒன்று என்று சட்டை அச்சடிக்கலாமா என்று நார்வேயிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கடைசி ஒற்றைத் தட்டு முதல் ஆறையும்விட மெல்லியதாக இருப்பது ஏன் என்று ஒருவர் நீளமாக ஆராய்ந்திருந்தார். தூரத்து மணி என்பது அவர் முடிவு. மிக நுட்பம் என்று கீழே பாராட்டியிருந்தார்கள்.

அழித்துவிடலாம் என்று அம்புக்குறியைக் கொண்டுபோனான். அழித்தால் அந்த வாக்கியம் போய்விடும். சுவரே என் கட்சிதான். அதோடு அம்மாவின் கடைசிச் சத்தமும் போய்விடும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வழியில்லை. எதை அழிக்க வந்தோம் என்பதை அவனால் தனக்குள்கூட நேராகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அம்புக்குறியை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தடுப்பில் மூன்று தட்டு விழுந்தது.

மரத்தில் மரம் விழும் சத்தம். அடுத்த அறையில் விழுவது, தோள்மேல் விழுவதுபோல அவ்வளவு அருகில் கேட்டது. பேனாவால் அந்தச் சத்தம் வராது. அது பேனா இல்லை என்று இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும்.

எழுந்து போனால், அந்தப் பக்கம் தட்டுவது இங்கே கேட்கிறது என்று ஆகும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

மறுபடி மூன்று தட்டு. அதே வேகம். அவசரமில்லை, கோபமில்லை.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தாமல் கதவைத் திறந்துகொண்டு போனான். ரொவேனா அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மரக் கால் அவள் மடியில் இருந்தது. அவள் தடுப்பைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக, அம்மா படுத்தபடி பார்க்கும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன்," என்றான் ஆர்னெல்.

அவள் அவனைப் பார்த்தாள். மரக் காலைத் திருப்பி, தட்டித் தட்டி வழவழப்பான குதியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துட்டேன்," என்றாள்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பின்னால், பாதி கழன்ற பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.